நான்சி ஹாங்க்ஸ் யாருடைய மகள்? ஏடுகளும் மரபணுவும் சேர்ந்து அவிழ்த்த ஒரு குடிவழி முடிச்சு

ஆபிரகாம் லிங்கனின் தந்தைவழி எளிதில் கிடைத்துவிடுகிறது. தந்தை தாமஸ், தாத்தா இன்னொரு ஆபிரகாம் என்று ஏறிக்கொண்டே போனால், 1637இல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் வந்திறங்கிய சாமுவேல் லிங்கன் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் காகிதம் இருக்கிறது. தாய் நான்சி ஹாங்க்ஸ் பக்கம் திரும்பினால் ஒரு படி ஏறியதுமே ஏணி முடிந்துவிடுகிறது. அவருடைய தாய் யார் என்ற கேள்விக்கே நூறாண்டுக்கும் மேலாக மூன்று வெவ்வேறு பதில்கள் அச்சில் உலவின.

அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்ணின் குடிவழியைத் தேடும் எவருக்கும் இந்த வழக்கு நல்ல பாடம். வழியில் வரக்கூடிய தடைகள் அத்தனையும் இதில் இருக்கின்றன: எரிந்துபோன ஏடு, மாறிய எல்லை, ஒரே பெயரில் பல பெண்கள், குடும்ப மானத்துக்காகத் திருத்தப்பட்ட சாட்சியம், தவறான ஊரில் நடந்த தேடல். முடிவில் மரபணு வருகிறது. ஆனால் அது எதை நிரூபித்தது, எதை நிரூபிக்கவில்லை என்பதைப் பலரும் தவறாகவே சொல்லிவருகிறார்கள்.

உறுதியாகத் தெரிந்தவை

நான்சி 1806 ஜூன் 12 அன்று கென்டக்கி மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) தாமஸ் லிங்கனை மணந்தார். மகள் சாரா 1807 பிப்ரவரி 10, மகன் ஆபிரகாம் 1809 பிப்ரவரி 12. மூன்றாவது பிள்ளை தாமஸ் கைக்குழந்தையாகவே இறந்தது. 1816 டிசம்பரில் குடும்பம் ஒஹாயோ ஆற்றைக் கடந்து இந்தியானாவுக்குப் போயிற்று. 1818 அக்டோபர் 5 அன்று நான்சி 'பால் நோயில்' இறந்தார். ஒயிட் ஸ்னேக்ரூட் என்ற காட்டுச் செடியை மேய்ந்த மாட்டின் பாலில் அதன் நஞ்சு இறங்கி, குடித்தவரைக் கொல்லும் நோய் அது. அவரை வளர்த்த தாமஸ் ஸ்பாரோ, எலிசபெத் ஸ்பாரோ தம்பதியும் அதே நோயில் அவருக்குச் சற்று முன்பே இறந்திருந்தார்கள். குடிவழி ஆய்வுக்கு இது பேரிழப்பு. அவருடைய பிறப்பைப் பற்றி நேரில் தெரிந்த மூவர் சில வாரங்களுக்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அவர்களில் எவரையும் யாரும் விசாரித்து எழுதி வைத்திருக்கவில்லை.

பிறந்த தேதி 1784 பிப்ரவரி 5 என்று எங்கும் எழுதப்படுகிறது. அது குடும்ப வேதாகமத்துக் குறிப்பின் வழியே வந்த தேதி. தந்தை தாமஸ் 1851 ஜனவரியில் இறந்த பிறகுதான் லிங்கன் தம் கைப்பட அந்தக் குறிப்பை எழுதினார். அதாவது நிகழ்வுக்கும் எழுத்துக்கும் இடையே 60 ஆண்டுக்கு மேல் இடைவெளி. வேதாகமக் குறிப்பைப் பார்த்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லா வரிகளும் ஒரே மையிலும் ஒரே கையெழுத்திலும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. அப்படி இருந்தால் யாரோ ஒருவர் ஒரே நாளில் நினைவிலிருந்து எழுதியது என்று கொள்ள வேண்டும். தேதியைத் தூக்கி எறிய வேண்டாம்; ஆனால் அதைப் பிறப்புச் சான்றாகவும் எண்ண வேண்டாம்.

அந்தக் காலத்து ஏடுகளில் பெண் எங்கே?

தேடத் தொடங்கும் முன் எந்த ஏட்டில் யார் பெயர் வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொருள் இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் துழாவ நேரும்.

1790 முதல் 1840 வரையிலான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. 1810 படிவத்தில் பெண்களுக்கு ஐந்து கட்டங்கள்: 10 வயதுக்குள், 10–15, 16–25, 26–44, 45க்கு மேல். அடிமைகள் தவிர வீட்டிலுள்ள அனைவரின் பெயரும் 1850இலிருந்துதான் வருகிறது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற பத்தி 1880இல் வந்தது. 1818இல் இறந்த பெண் எந்தக் கணக்கெடுப்பிலும் தம் பெயரால் இருக்க வழியே இல்லை. அதிலும் கென்டக்கியின் 1790, 1800 கணக்கெடுப்புகள் அழிந்துபோயின. வர்ஜீனியாவின் 1790 கணக்கெடுப்புக்குப் பதிலாக 1780களின் மாநிலப் பட்டியல்களே இன்று கைக்குக் கிடைக்கின்றன.

பிறப்பு, இறப்புப் பதிவும் உதவாது. கென்டக்கியில் மாநில அளவிலான தொடர்ச்சியான பதிவு 1911இல்தான் தொடங்கியது. அதற்கு முன் 1852 சட்டத்தின்படி சில ஆண்டுகள் நடந்து நின்றுபோன முயற்சி ஒன்று உண்டு. இந்தியானாவில் கவுண்டி அளவிலான பதிவே 1882இல்தான் தொடங்கியது.

எஞ்சுவது நான்கு வகை ஏடுகள்: திருமணப் பிணைப் பத்திரம், உயில், நிலப் பத்திரம், நீதிமன்ற உத்தரவுப் பேரேடு. இந்த நான்கையும் எழுதியவர்கள் ஆண்கள், கையொப்பமிட்டவர்களும் பெரும்பாலும் ஆண்கள். ஆகவே பெண்ணைத் தேடுபவர் அவர் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகக்கூடாது. அவருக்காகக் கையெழுத்துப் போட்டவர் யார், சாட்சி யார், அவர் யார் வீட்டில் வளர்ந்தார் என்று சுற்றிவளைத்துப் போக வேண்டும்.

எல்லை மாற்றமும் கணக்கில் இருக்க வேண்டும். ஏடு, நிகழ்வு நடந்த நாளில் அந்த இடம் எந்தக் கவுண்டியைச் சேர்ந்திருந்ததோ அங்கேதான் இருக்கும். நான்சி பிறந்ததாகச் சொல்லப்படும் இடம் இன்று மேற்கு வர்ஜீனியாவின் மினரல் கவுண்டி. அந்தக் கவுண்டி பிரிந்தது 1866இல். 1784இன் காகிதத்துக்கு வர்ஜீனியாவின் ஹாம்ப்ஷயர் கவுண்டிப் பெயரில் தேட வேண்டும். லிங்கன் பிறந்த இடம் இன்று லாரூ கவுண்டி, அன்று ஹார்டின். இந்தியானாவின் ஸ்பென்சர் கவுண்டி 1818இல்தான் உருவானது. குடும்பம் வந்தபோது அது பெரி கவுண்டி. கென்டக்கியே 1792 வரை வர்ஜீனியாவின் ஒரு பகுதி. தேடுபவர் ஒரு தாளில் இடம், ஆண்டு, அன்றைய கவுண்டி என்று மூன்று பத்தி போட்டு எழுதிவைத்துக்கொண்டால் பாதி வீண் அலைச்சல் குறையும்.

தவறான ஊரில் தேடிய திருமணம்

தாமஸும் நான்சியும் வாழ்ந்தது ஹார்டின் கவுண்டியில். ஆகவே எல்லாரும் அதன் தலைநகர் எலிசபெத்டவுனில் திருமணப் பதிவைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. திருமணமே நடக்கவில்லை என்ற வதந்தி கிளம்பி, ஒரு ஜனாதிபதியின் பிறப்பையே கொச்சைப்படுத்தியது. அந்த ஊர் நீதிமன்ற எழுத்தராக இருந்த சாமுவேல் ஹேக்ராஃப்டுக்கே குழப்பம். 1860 மே 28 அன்று அவருக்கு எழுதிய கடிதத்தில், தம் தாயைப் பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் தவறு, தாயின் கன்னிப்பெயர் நான்சி ஹாங்க்ஸ் என்று லிங்கன் திருத்த வேண்டியிருந்தது.

பத்திரம் 1878இல் வாஷிங்டன் கவுண்டியின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் கிடைத்தது. லிங்கன் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டும் அது அந்த நீதிமன்றத்தில்தான் கிடந்தது. பிணைப் பத்திரம் வழக்கமாகப் பெண் வீடு இருக்கும் கவுண்டியில் எழுதப்படும். தேடியவர்கள் மாப்பிள்ளை வீட்டுக் கவுண்டியில் தேடினார்கள். இன்றும் இந்தத் தவறுதான் அதிகம் நடக்கிறது. தம்பதி வாழ்ந்த ஊரில் திருமணப் பதிவு இல்லையென்றால், அடுத்துத் திறக்க வேண்டியது பெண் வளர்ந்த ஊரின் பேரேடு.

இந்தப் பத்திரம் எப்படி வேலை செய்தது என்பதும் தெரிய வேண்டும். திருமணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை என்று மாப்பிள்ளையும் இன்னொருவரும் ஆளுநருக்கு 50 பவுண்டுக்குப் பிணை எழுதிக்கொடுப்பார்கள். பணம் எதுவும் கைமாறாது. தடை இருந்தது பின்னால் தெரிந்தால்தான் கட்ட வேண்டும். அந்த 'இன்னொருவர்' பெரும்பாலும் பெண்ணின் தந்தை, அண்ணன், மாமன் என்று நெருங்கிய ஆணாக இருப்பார். ஆகவே பிணையாளியின் பெயர் பெண்ணின் குடும்பத்துக்குள் நுழையும் வாசல்.

பத்திரத்தின் தேதி திருமணத் தேதி ஆகாது. தாமஸ்–நான்சி பத்திரம் ஜூன் 10. மணம் ஜூன் 12. மணம் நடந்ததற்குத் தனிச் சான்று, அதை நடத்திவைத்த ஜெஸி ஹெட் என்ற மெதடிஸ்ட் போதகர் 1807 ஏப்ரல் 22 அன்று நீதிமன்றத்துக்குக் கொடுத்த பட்டியல். போதகர்கள் நடத்திய மணங்களை மொத்தமாகச் சேர்த்துப் பல மாதம் கழித்து அனுப்புவது வழக்கம். ஆகவே பத்திரம் கிடைத்தால் அதோடு நின்றுவிடாமல் போதகர் பட்டியலையும் தேட வேண்டும். பட்டியல் கிடைக்காவிட்டால் 'மணந்தார்' என்று எழுதாமல் 'பிணை எழுதப்பட்டது' என்றே எழுத வேண்டும்.

நான்சியின் பிணையாளி ரிச்சர்ட் பெரி. பத்திரத்தின் அடியில் 'காப்பாளர்' என்ற சொல்லும் இருக்கிறது. இதிலிருந்துதான் முதல் பெரிய தவறு முளைத்தது.

ஷிப்லி கதை எப்படி வந்தது

ரிச்சர்ட் பெரி என்ற பெயரில் தந்தை, மகன் என்று இருவர். தந்தையின் மனைவி ரேச்சல் ஷிப்லி. நான்சி பெரி வீட்டில் இருந்தார், பெரி அவருக்குக் காப்பாளர், ஆகவே ரேச்சல் அவருக்குச் சித்தியோ பெரியம்மாவோ, ஆகவே நான்சியின் தாய் ஒரு ஷிப்லி! சங்கிலி இப்படிப் போயிற்று. ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்த்தால் அறுகிறது. தந்தை ரிச்சர்ட் 1806க்கு முன்பே இறந்துவிட்டார். பிணை எழுதியவர் மகன். 1806இல் நான்சிக்கு 22 வயது. 21 நிறைந்த பெண்ணுக்குத் திருமணத்தில் காப்பாளர் சம்மதம் சட்டப்படி தேவையே இல்லை. அந்தச் சொல்லை எழுதியவர் அதைச் சட்டப் பொருளில் எழுதினாரா, பெண்ணுக்குத் துணைநின்றவர் என்ற பொருளில் எழுதினாரா என்பதற்கு, நீதிமன்றம் காப்பாளரை நியமித்த உத்தரவு ஏதாவது இருந்தால்தான் விடை கிடைக்கும். அப்படி ஓர் உத்தரவைக் காட்டாமல் ஒரு சொல்லின் மேல் ஒரு தாயையே கட்டிவிட்டார்கள்.

1899இல் வெளிவந்த ஒரு வரலாறு இதற்கு உயில் ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. ஜோசப் ஹாங்க்ஸ் என்பவர் கென்டக்கியின் நெல்சன் கவுண்டியில் 1793 ஜனவரி 8 அன்று எழுதி, மே 14 அன்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உயில் அது. படிக்கப் படிக்க மனம் நிறையும் ஆவணம். ஐந்து மகன்களுக்கும் ஆளுக்கொரு குதிரை, பெயர் சொல்லி: தாமஸுக்கு மேஜர், ஜோஷுவாவுக்கு போனி, வில்லியமுக்கு கில்பர்ட், சார்லஸுக்கு டோப், ஜோசப்புக்கு பால்ட், கடைசி மகனுக்கு 150 ஏக்கர் நிலமும். மூன்று மகள்களுக்கும் ஆளுக்கொரு கிடாரிக் கன்று: எலிசபெத்துக்கு ஜென்டில், பாலிக்கு லேடி, நான்சிக்கு பீடி. மனைவி 'நானி' உயிரோடிருக்கும் வரை சொத்து முழுவதும் அவர் கையில். அதன் பிறகு பிள்ளைகள் எல்லாருக்கும் சமமாக.

பீடி என்ற கன்றுக்குட்டியைப் பெற்ற இந்த நான்சிதான் லிங்கனின் தாய் என்றது அந்த நூல். முறையாக மணந்த பெற்றோருக்குப் பிறந்த மகள், பழிச்சொல் நீங்கியது. அந்த நோக்கத்தைக் குறைகூற மனம் வரவில்லை. இறந்துபோன ஒரு பெண்ணின் மேல் எறியப்பட்ட சேற்றைத் துடைக்க நினைத்திருக்கிறார்கள். ஆனால் துடைத்த வேகத்தில் ஆளையே மாற்றிவிட்டார்கள்.

இரண்டு நான்சிகள்

உயிலின் நான்சி வேறொருவர். அவருக்கு 1799இல் மணமாகாமலே பிறந்த மகன் டென்னிஸ் ஹாங்க்ஸ். பின்னால் அவர் லீவை ஹாலை மணந்தார். இந்த டென்னிஸ், லிங்கனோடு இந்தியானாவில் ஒரே வீட்டில் வளர்ந்தவர். 1892 வரை வாழ்ந்து, வந்து கேட்டவர்களுக்கெல்லாம் சாட்சியம் சொன்னவர். அவர் தாயும் லிங்கனின் தாயும் ஒருவராக இருக்க முடியாது. அப்படியென்றால் லிங்கனின் தாய் ஜோசப்பின் மகளாக இல்லாமல் ஜோசப்பின் பேத்தியாக இருக்கலாம்; அப்போது உயிலின் நான்சி அவருக்குச் சித்தி.

ஒரே பெயர்க் குழப்பத்தைப் பிரிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு குறிப்பையும் 'நான்சி ஹாங்க்ஸ்' என்ற ஒரே தலைப்பில் சேர்க்காமல் தனித்தனித் தாளில் எழுதுங்கள்: தேதி, கவுண்டி, உடன் வரும் பெயர்கள், அவர் கணவரா, சகோதரரா, சாட்சியா. பிறகு ஒருவரே இரண்டு இடத்தில் இருக்க முடியாத குறிப்புகளைப் பிரித்து அடுக்குங்கள். 1799இல் டென்னிஸைப் பெற்று, பிறகு லீவை ஹாலுக்கு மனைவியான தாள்கள் ஒரு கட்டு; 1806இல் தாமஸுக்கு மனைவியான தாள்கள் இன்னொரு கட்டு. எந்தக் கட்டிலும் சேராத தாளை மூன்றாவதாக வையுங்கள். ஏதாவது ஒரு கட்டில் அதைத் திணிக்கத் தோன்றும். அங்கேதான் பிழை நுழைகிறது.

பெயர் வடிவங்களையும் சேர்த்தே தேட வேண்டும். ஆன், நானி, நான்சி மூன்றும் ஒரே பெண்ணுக்கு வரும். ஜோசப்பின் மனைவி ஆன் லீ உயிலில் 'நானி' ஆனது அப்படித்தான். பாலி என்றால் மேரி, பெட்ஸி என்றால் எலிசபெத், சாலி என்றால் சாரா. எழுத்தரின் காதில் விழுந்தபடி ஹாங்க்ஸ் 'ஹாங்க்' ஆகும், லிங்கன் 'லின்கோர்ன்' ஆகும்.

லூசி

மூன்றாவது பதில்தான் இன்று நிலைபெற்றிருக்கிறது: நான்சி, ஜோசப்–ஆன் தம்பதியின் மகள் லூசி ஹாங்க்ஸுக்கு மணத்துக்கு முன் பிறந்தவர். இதன் வேர் லிங்கனின் வாய்மொழி. 1850 வாக்கில் குதிரை வண்டியில் நீதிமன்றத்துக்குப் போகும் வழியில், தம் தாய் லூசி ஹாங்க்ஸுக்கும் வர்ஜீனியாவின் வசதியான நிலக்கிழார் ஒருவருக்கும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர் என்று லிங்கன் சொன்னதாக, அவருடைய சட்டத்தொழில் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் பதிவுசெய்தார். எழுத்தில் வந்தது 20 ஆண்டுகள் கழித்து. லிங்கன் தாமே எழுதிய 1859, 1860 தன்வரலாற்றுக் குறிப்புகளில் இது இல்லை. தாய் ஹாங்க்ஸ் என்ற குடும்பத்தவர், வர்ஜீனியாவில் பிறந்தவர், உறவினர்கள் இல்லினாயின் ஆடம்ஸ், மேகன் கவுண்டிகளில் இருக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். தந்தைவழியை விரித்து எழுதிய மனிதர் தாயின் பெற்றோர் பெயரை விட்டுவிட்டது கவனிக்கத்தக்கது.

டென்னிஸோ எதிர்த்திசையில் இழுத்தார். நான்சியின் குடும்பப்பெயர் ஸ்பாரோ, ஹாங்க்ஸ் என்று சொன்னால் முறைதவறிப் பிறந்தவர் என்றாகிவிடும், அது உண்மையல்ல என்று 1866இல் ஹெர்ன்டனுக்கு எழுதினார். சாட்சியம் சொல்பவருக்குச் சொல்லும் விஷயத்தில் என்ன பங்கு என்று எப்போதும் பார்க்க வேண்டும். டென்னிஸின் பிறப்பும் அத்தகையதே. அவர் மறைத்ததில் வஞ்சகம் எதுவும் இல்லை, வலிதான் தெரிகிறது. ஆனால் அந்த மறுப்பே ஆய்வாளருக்கு ஒரு குறிப்பைத் தந்துவிடுகிறது: ஹாங்க்ஸ் என்ற பெயர் தாய்வழியில் வந்தது என்பது வீட்டார் அறிந்த செய்தி.

வாய்மொழியை நிறுத்திவிட்டு ஏட்டுக்கு வருவோம். கென்டக்கியின் மெர்சர் கவுண்டி நீதிமன்றத்தில், 1789 நவம்பர் 24 அன்று கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) லூசி ஹாங்க்ஸ் மேல் மணமின்றி உறவுகொண்டதாகக் குற்றம் சாட்டிய பதிவு இருக்கிறது. 1790 ஏப்ரல் 26 அன்று ஹென்றி ஸ்பாரோவோடு திருமணப் பிணைப் பத்திரம். அதோடு, தாம் வயது நிறைந்தவர், தாமே மனமுவந்து ஹென்றி உரிமம் எடுக்கச் சம்மதிக்கிறேன் என்று லூசி தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு. மணம் நடந்தது 1791 ஏப்ரல் 3. பத்திரத்துக்கும் மணத்துக்கும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி. பத்திரத் தேதியையே மணநாள் என்று எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது.

அந்தச் சீட்டு சிறியது. ஆனால் இந்த வழக்கில் ஒரு பெண்ணின் குரல் நேரடியாகக் கேட்கும் இடம் அது ஒன்றுதான். தந்தையின் சம்மதத்தைக் கேட்காமல் தானே எழுதினார், எழுதத் தெரிந்திருந்தது. நான்சியோ 1814இல் கணவரோடு நிலம் விற்ற பத்திரத்தில் கையொப்பத்துக்குப் பதில் குறி இட்டிருக்கிறார். நிலம் விற்கும்போது மனைவி தம் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கேட்டுப் பதிவுசெய்வது சட்டம். ஆகவே கணவரின் ஒவ்வொரு விற்பனைப் பத்திரத்தையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும். மனைவியின் பெயர் அட்டவணையில் இருக்காது, பத்திரத்துக்குள்ளேதான் இருக்கும்.

1789 குற்றச்சாட்டை நான்சியின் பிறப்போடு நேரடியாக முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. கூடாது. நான்சிக்கு அப்போது ஐந்து வயது. அந்தப் பதிவு லூசி ஹாங்க்ஸ் என்ற மணமாகாத பெண் அந்த ஆண்டில் அந்தக் கவுண்டியில் இருந்தார் என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

லூசி ஜோசப்பின் மகள் என்றால் உயிலில் ஏன் இல்லை? 1793இல் அவர் மணமாகிப் போய்விட்டிருந்தார். பங்கு முன்பே கொடுக்கப்பட்டிருக்கலாம். உயிலின் கடைசி வரி 'பிள்ளைகள் எல்லாருக்கும்' என்கிறது, முன்னே சொன்ன எட்டுப் பேருக்கு என்று கட்டுப்படுத்தவில்லை. உயிலில் பெயர் இருப்பது சான்று; இல்லாதது சான்றாகாது. இங்கே துணைக்கு வருவது 1782இன் ஹாம்ப்ஷயர் கவுண்டிப் பட்டியல். ஜோசப் ஹாங்க்ஸ் வீட்டில் 11 பேர். கணவன், மனைவி, உயிலில் வரும் எட்டுப் பிள்ளைகள் என்றால் 10. பதினொன்றாவது ஆள் யார்? லூசி என்றால் கணக்கு அழகாகச் சரியாகிறது. அழகாகச் சரியாகும் கணக்கின் மேல்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். வேலையாளோ வேறு உறவினரோ இருந்திருக்கலாம். பொருந்துகிறது என்று எழுதலாம், மெய்ப்பிக்கிறது என்று எழுதக்கூடாது.

மரபணு

காகிதம் இதற்கு மேல் நகரவில்லை. 2015இல் வெளியான மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஆய்வு அங்கிருந்து தொடங்கியது.

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். ஆனால் மகள்கள் மட்டுமே அதை அடுத்த தலைமுறைக்குத் தருவார்கள். நான்சியிடமிருந்து நேரே வரும் வழி இல்லை. மகள் சாரா 1826இல் ஆரன் கிரிக்ஸ்பியை மணந்து, 1828 ஜனவரி 20 அன்று பிரசவத்தில் குழந்தையோடு இறந்தார். ஆபிரகாமின் உடலில் அது இருந்தது. அவர் பிள்ளைகளுக்குப் போனது மேரி டாட் லிங்கனுடையது. லிங்கனின் கடைசி நேரடி வாரிசு 1985இல் இறந்தார். மேரிலாண்டில் உள்ள தேசிய சுகாதார, மருத்துவ அருங்காட்சியகத்தில் லிங்கனின் மண்டையோட்டுச் சில்லுகளும் முடியும் இருக்கின்றன என்றாலும், இந்த ஆய்வு அவற்றின் மேல் நிற்கவில்லை.

ஆகவே பக்கவாட்டில் போனார்கள். லூசிக்கு ஹென்றி ஸ்பாரோ மூலம் பல பிள்ளைகள் பிறந்தனர். ஆன் லீக்கு வேறு மகள்களும் இருந்தார்கள். இவர்களிடமிருந்து மகள், மகளின் மகள் என்று அறுபடாமல் இன்று வரை வரும் பெண்வழிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஷிப்லி சகோதரிகளின் பெண்வழிகளையும் ஒப்பீட்டுக்குத் தேட வேண்டும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்வதில்தான் வலி. ஒவ்வொரு தலைமுறையிலும் குடும்பப்பெயர் மாறும். ஏழெட்டுத் தலைமுறை என்றால் ஏழெட்டுப் பெயர்மாற்றம். ஒரு கண்ணியில் இரண்டாம் மனைவியின் மகளை முதல் மனைவியின் மகள் என்று எடுத்துவிட்டால் முழு வழியும் பொய். பிரசவத்தில் இளம் மனைவிகள் இறந்து, கணவர் சில மாதத்தில் மறுமணம் செய்துகொண்ட காலம் அது. தாமஸ் லிங்கனே 1819 டிசம்பர் 2 அன்று சாரா புஷ் ஜான்ஸ்டனை மணந்தார். ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த ஆண்டையும் ஒவ்வொரு மனைவியின் மண, மரண ஆண்டோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். 1850க்குப் பிறகு பிடிமானம் கூடும்: 1880 கணக்கெடுப்பில் உறவும் பெற்றோர் பிறந்த மாநிலமும், 1900, 1910இல் பெண் எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பேர் உயிரோடு என்ற எண்ணிக்கை, இருபதாம் நூற்றாண்டின் இறப்புச் சான்றிதழ்களில் தாயின் கன்னிப்பெயர். 1890 கணக்கெடுப்பு 1921 தீயில் சேதமாகி ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போயிற்று. 1880க்கும் 1900க்கும் நடுவே பிறந்து, மணந்து, இறந்த பெண்கள் அந்த ஓட்டை வழியாக நழுவிவிடுவார்கள்.

ஒரு மூதாட்டிக்கு ஒரே ஒரு வாரிசைச் சோதித்தால் போதாது. குறைந்தது இரண்டு, வெவ்வேறு மகள்கள் வழி வந்தவர்கள் வேண்டும். இருவரும் பொருந்தினால் இரண்டு காகித வழிகளும் ஒன்றையொன்று தாங்கும். பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு கண்ணி தவறு. அது எங்கே என்று மரபணு சொல்லாது, மறுபடி ஏட்டுக்குத்தான் போக வேண்டும். சோதனையும் முழு வரிசையாக, 16,569 எழுத்துகளுக்கும் இருக்க வேண்டும். மாறும் பகுதியை மட்டும் பார்க்கும் மலிவான சோதனையில், ஆயிரக்கணக்கான ஆண்டுக்கு முன் பிரிந்தவர்களும் பொருந்தியதாக வந்துவிடும்.

விடை எக்ஸ்1சி என்ற மிக அரிய தாய்வழி மரபணுப் பிரிவு. இந்த அருமைதான் வழக்கைக் காப்பாற்றியது. ஐரோப்பிய வம்சத்தாரிடம் சாதாரணமாகக் காணப்படும் எச் போன்ற பெரும்பிரிவு வந்திருந்தால், பொருத்தத்தைத் தற்செயல் என்று ஒதுக்க இடம் இருந்திருக்கும். லூசியின் வழியும் ஆன் லீயின் வழியும் அந்த அரிய பிரிவில் ஒத்துப்போயின. ஷிப்லி வழி ஒத்துப்போகவில்லை.

இதிலிருந்து எடுக்கக்கூடியது என்ன? ஹென்றி ஸ்பாரோவை மணந்த லூசி, ஆன் லீயின் பெண்வழியைச் சேர்ந்தவர். உயிலில் இல்லாத மகளுக்கு இடம் கிடைத்தது. 1782இன் பதினொன்றாவது ஆளுக்கும் அநேகமாகப் பெயர் கிடைத்தது. ஷிப்லி கதையின் இன்னொரு வடிவமான, லூசி ஒரு ஷிப்லி பெண், ஹாங்க்ஸ் ஒருவரை மணந்து விதவையானவர் என்ற கோட்பாடு விழுந்தது. ஆனால் நான்சியின் மரபணு எவர் கையிலும் இல்லை. 'நான்சி லூசியின் மகள்' என்ற கண்ணி இன்றும் ஹெர்ன்டன் குறித்துவைத்த வாய்மொழி, உறவினர் சாட்சியம், எலிசபெத் ஸ்பாரோவிடம் வளர்ந்த சூழல் ஆகியவற்றின் மேல்தான் நிற்கிறது. எலிசபெத் ஜோசப்பின் மகள், லூசியின் தங்கை; ஹென்றியின் சகோதரர் தாமஸ் ஸ்பாரோவை மணந்தவர். அக்காளின் பிள்ளையைத் தங்கை வளர்த்தது ஊர் வழக்கத்துக்குப் பொருந்துகிறது. மரபணு செய்தது, எதிர்க்கட்சியின் தூணைச் சாய்த்து இந்தச் சாட்சியங்களுக்குப் பலம் சேர்த்தது. 'டி.என்.ஏ. நான்சியின் தாயை நிரூபித்துவிட்டது' என்று எழுதுவது ஒரு படியைத் தாண்டிக் குதிப்பது.

இன்னும் திறக்காத கதவு

நான்சியின் தந்தை பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வர்ஜீனியா நிலக்கிழார் என்று பலரைக் காட்டுகிறார்கள். எவரை முன்வைத்தாலும் ஒரு சோதனையை அவர் தாண்ட வேண்டும். பிறப்பு 1784 பிப்ரவரி என்றால் கருவுற்றது 1783 மே வாக்கில். ஜோசப்பின் குடும்பம் 1782இலேயே ஹாம்ப்ஷயர் கவுண்டியில், மலைப்பகுதியில் இருந்தது. அவர்கள் முன்பு வாழ்ந்த கடலோர ரிச்மண்ட் கவுண்டி வெகு தொலைவு. கடலோரத்து நிலக்கிழாரைத் தந்தை என்று சொல்பவர், ஒன்று லூசி பெற்றோரோடு போகாமல் அங்கே தங்கினார் என்று காட்ட வேண்டும், அல்லது பிறந்த ஆண்டை முன்னே தள்ளக் காரணம் தர வேண்டும். பிறந்த தேதியோ, முன்னே பார்த்தபடி, அறுபது ஆண்டு கழித்து எழுதிய குறிப்பு. ஓராண்டு பிசகினால் முழுக் கணக்கும் மாறும். ஆகவே அடுத்துத் தேடுபவர் பார்க்க வேண்டியவை 1782க்கும் 1785க்கும் இடைப்பட்ட ஹாம்ப்ஷயர், ரிச்மண்ட் இரண்டு கவுண்டிகளின் ஆள்வரிப் பட்டியல்களும் நீதிமன்ற உத்தரவுப் பேரேடுகளும். ஹாங்க்ஸ் பெயரை மட்டும் தேடாமல், ஜோசப்பின் அண்டை நிலத்தார் பெயர்களையும் வரி வரியாக எடுத்தெழுத வேண்டியிருக்கும்.